ஏட்டில் ஏறாத இல்லறம்

விவாகம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பது நம்மவர் வழக்கு. பயிர் பழமையானதே, ஆயினும் அது எவ்வாறு நடப்பட வேண்டும், எவர் நடலாம் என்னும் விதிகள் காலந்தோறும் மாறியே வந்திருக்கின்றன. ஓர் ஆண் மற்றோர் ஆணையும், ஒரு பெண் மற்றொரு பெண்ணையும் வாழ்க்கைத் துணையாகக் கொண்டு, அதனைச் சட்டப்படி பதிந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்ற குரல் இன்று பல நாடுகளிலும் கேட்கிறது. கேட்ட மாத்திரத்தில், "இது நம் மரபிலேயே இல்லாதது" என்று கதவடைப்போர் பலர். அவர்கள் சற்றே பொறுத்து, தம் பாட்டன் பாட்டி எவ்வாறு மணந்தனர் என்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டுகிறோம். கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, உலு சிலாங்கூர்ப் பகுதித் தோட்டங்களில் காடு வெட்டிப் பால்மரம் நட்டு மறைந்த மக்களின் வரலாறே இக்கேள்விக்கு நல்லதொரு விடை பகரும்.

ரப்பர் பெருகிய காலத்தில் கங்காணிமார் தமிழகத்துச் சிற்றூர்களில் ஆள் திரட்டினர். திரட்டப்பட்டோர் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கிக் கப்பலேறினர். அவருள் மிகப் பெரும்பாலோர் ஆடவர். 1921-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் நானூற்றுச் சிலரே. 1931-இலும் ஐந்நூறு நிறையவில்லை. பெண்களையும் அனுப்பியாக வேண்டும் என்ற நெருக்கடியில், முன்பின் அறியாத ஓர் ஆணையும் பெண்ணையும் முகாமிலேயே கணவன் மனைவி என்று எழுதிக் கப்பலேற்றியதும் உண்டு. அங்கே புரோகிதர் எங்கே? அக்கினி எங்கே? குலம் கோத்திரம் விசாரித்த பெரியவர் எங்கே? தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்னும் தேவையே மந்திரமாயிற்று. பேரேட்டில் விழுந்த மையே மாங்கலியமாயிற்று. எழுதுவோன் மனம் வைத்தால் அந்நியர் இருவர் நொடியில் தம்பதிகளாயினர். இதனை அன்று மரபுக்கு விரோதம் என்று தடுத்த சாத்திரம் ஒன்றுமில்லை.

தோட்டத்துக்கு வந்த பின்னரோ, நிலை தலைகீழாயிற்று. மாரியம்மன் கோயில் முன்னிலையில் தாலி கட்டி, லயத்து மக்களுக்கு விருந்தளித்து, மனமொத்து வாழ்ந்தோரின் மணத்துக்குப் பெரும்பாலும் ஏட்டில் இடமில்லை. செக்ரோலில் பேர் இருந்தது, கூலி இருந்தது. இல்லறத்துக்கு அத்தாட்சி இல்லை. சண்டை நேர்ந்தால் கங்காணியும் துரையுமே நீதிபதிகள். மணமான பெண்ணை ஒருவன் மயக்கி அழைத்துச் செல்வது குற்றம் என்று தண்டனைச் சட்டத்தின் 498-ஆம் பிரிவு கூறிற்று. அந்தப் பிரிவின் கண்ணில் மனைவியானவள் கணவன் வீட்டிலிருந்து களவு போகும் ஒரு பொருளே. இந்நாட்டின் கூட்டரசு நீதிமன்றம் அப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2023 டிசம்பரில்தான் தீர்ப்பளித்தது. மண வாழ்வு பற்றிய சட்டம் மாறாத வேதம் என்பார்க்கு இஃதொன்றே போதும்.

ஏட்டில் ஏறாத இல்லறத்தின் துயரம் சாவு வந்தபோது தெரிந்தது. 1942-லும் 1943-லும் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்காக நம் தோட்டங்களிலிருந்து ஆடவரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோயினர். திரும்பாதோர் மிகப் பலர். அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களுள் எத்தனை பேரின் கையில், "நான் இன்னாருடைய மனைவி" என்று காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இருந்திருக்கும்? அவர்கள் வாழ்ந்தது உண்மை, அழுததும் உண்மை, அத்தாட்சி மட்டும் இல்லை.

இக்குறையைத் தீர்க்க வந்ததே 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். அது 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிமல்லாதோரின் மணங்களைப் பதிய வேண்டும் என்றது. மனைவி உயிருடன் இருக்க மற்றொருத்தியை மணக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த மணங்களையும் பதிவான மணங்களாகவே ஏற்றது. இரண்டு மூன்று தாரங்களைக் கட்டுவது நம் ஆடவரின் பரம்பரை உரிமை என்று அன்று வாதித்தோரும் இருந்தனர். இன்று அவ்வாறு வாதிப்பவனை நாம் மதிப்போமா?

தாய்நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. புரோகிதரும் வடமொழி மந்திரமும் இன்றிச் சுயமரியாதைத் திருமணங்கள் 1928 முதல் தமிழகத்தில் நடைபெற்றன. 1929 இறுதியில் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தபோது அக்கருத்து இங்கும் பரவிற்று. வைதிகர் நகைத்தனர். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், சடங்கில்லாத அவ்விவாகம் செல்லாது என்று தீர்ப்புக் கூறிற்று. கணவனும் மனைவியுமாய்ப் பிள்ளை பெற்று வாழ்ந்த குடும்பங்கள் ஒரு தீர்ப்பினால் மணமற்றவையாயின! அண்ணாதுரை அமைச்சரவை 1967-இல் கொண்டுவந்து, 1968-இல் நடைமுறைக்கு வந்த திருத்தமே முன்னர் நடந்தவற்றுக்கும் சேர்த்துச் சட்டத்தின் துணையை அளித்தது. முதல் மணத்துக்கும் சட்டத்துக்கும் இடையே நாற்பதாண்டுகள்! மக்களின் இல்லறம் முந்திச் சென்றது. சட்டம் தள்ளாடிப் பின்னால் வந்தது.

இனி இன்றைய கேள்விக்கு வருவோம். நாம் மேலே புகழ்ந்த 1976-ஆம் ஆண்டுச் சட்டமே தன் 69-ஆம் பிரிவில், மணப்போர் முறையே ஆணும் பெண்ணும் அல்லராயின் அம்மணம் செல்லாது என்கிறது. அதனினும் கொடிது தண்டனைச் சட்டம். 1860-இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வகுத்து, 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கொண்டுவந்து, பின்னர் மலாய் நாடுகளுக்கும் பரப்பிய 377-ஆம் பிரிவின் வழித்தோன்றல்கள், இருபதாண்டு வரை சிறையையும் கசையடியையும் இன்றும் விதிக்கின்றன. "நம் மரபு" என்று பலர் காக்க முனைவது இலண்டனிலிருந்து கப்பலேறி வந்த சரக்கே என்பதை அவர்கள் அறிவார்களாக.

ஒரு தோட்டத்தில் இரு பெண்கள் இருபதாண்டு ஒரே உலையில் சோறு வடித்து, ஒருத்தியின் நோய்க்கு மற்றொருத்தி மருந்தரைத்து வாழ்ந்தனர் என்று கொள்வோம். வேலைக்குப் போகும் வழியில் ஒருத்தி விபத்தில் மாண்டாள். சொக்சோ உதவிப் பணம் கணவனுக்கோ, மனைவிக்கோ, பிள்ளைக்கோ உரியது. அவர் இல்லையேல் பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் போகும். கூட வாழ்ந்தவள் அவருள் எவரும் அல்லள். உயிலின்றி இறந்தோர் சொத்தைப் பங்கிடும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவளுக்குக் காசளவும் பங்கில்லை. இருபதாண்டு எட்டிப் பாராத தமையன் வந்து பெட்டியைத் தூக்கிப் போகலாம். அவள் வாய் திறக்க வழியில்லை. வீடோ வேலையோடு வந்த வீடு. வேலைக்காரி மறைந்தபின் அதுவும் இல்லை.

"உயில் எழுதி வைக்கலாமே, சேமநிதிக்கு விரும்பியவரை நியமிக்கலாமே" என்பர் சிலர். உண்மைதான். ஆனால் விடியுமுன் எழுந்து வேலைக்கு ஓடுகிறவருள் உயில் எழுதுவோர் எத்தனை பேர்? எழுதினாலும் சொக்சோ பணம் உயிலைக் கேட்டு வருவதில்லை. ஆணும் பெண்ணும் ஒரு கையெழுத்தால் பெறும் காவலை, இவர்கள் பத்துப் பத்திரங்களாலும் முழுமையாகப் பெற இயலாது.

"பிள்ளைப்பேறு இல்லாத கூட்டு மணமாகுமா?" என்பது மற்றொரு வினா. பிள்ளையில்லாத தம்பதிகளின் தாலியை எந்தப் பதிவாளராவது பறித்ததுண்டா? அறுபது வயதில் துணை தேடிக்கொள்ளும் கைம்பெண்ணைச் சட்டம் தடுக்கிறதா? "கோயிலும் மதமும் என்னாவது?" என்றும் அஞ்சுகின்றனர். எந்தக் கோயிலையும் எந்தப் பூசாரியையும் கட்டாயப்படுத்த நாம் கேட்கவில்லை. பதிவாளர் அலுவலகத்து ஏடு ஒன்றே நம் பேச்சு.

இந்தியாவில் உச்சநீதிமன்றம் 2018-இல் 377-ஆம் பிரிவின் கொடுமையைக் களைந்தது. தூத்துக்குடிக் கோயிலில் ஓர் ஆடவரை மணந்த திருநங்கையின் மணத்தைப் பதிய அலுவலர் மறுத்தபோது, "மணமகள்" என்னும் சொல் அவரையும் குறிக்கும் என்று 2019-இல் மதுரைக் கிளை நீதிமன்றம் தீர்த்தது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஒருபாலார் மணவுரிமையை ஏற்க மறுத்தது. எனினும் 2025-இல் சென்னை உயர்நீதிமன்றம், மணம் ஒன்றே குடும்பமாகும் வழி அன்று, ஒருபாலார் இருவரும் குடும்பமாகலாம் என்றது. தைவான் 2019-இல் மணவுரிமையையே வழங்கியது. நம் பாட்டன்மார் எலும்பு புதைந்த சயாம் நாட்டில் 2025 சனவரி முதல் அவ்வுரிமை நடைமுறையில் இருக்கிறது. எல்லைக்கு வடக்கே தம்பதிகளாய் இருப்போர் எல்லைக்குத் தெற்கே குற்றவாளிகளாவது எந்த நியாயம்?

நம் முன்னோர் சாதி தாண்டி மணந்தனர், புரோகிதரின்றி மணந்தனர், ஏடு எதுவும் இன்றியே மணந்தனர். ஒவ்வொரு முறையும் உலகம் "இது மணமா?" என்று கேட்டது, அவர்கள் வாழ்ந்து காட்டிய பின்னர் சட்டம் வந்து வணங்கியது. அத்தகையோரின் மக்களாகிய நாம், இன்று வாயிலில் நிற்கும் இருவரைப் பார்த்து அதே பழைய கேள்வியைக் கேட்கலாகுமோ? முதலில் தண்டனை நீங்க வேண்டும்; அடுத்து ஏடு திறக்க வேண்டும். தோட்டத்துத் தமிழர் இதனைப் பிறரிடமிருந்து கற்க வேண்டியதில்லை. தம் பாட்டியின் வாழ்விலிருந்தே கற்கலாம்.