நாட்செஸ்: மாளிகையும் முச்சந்தியும்

மிசிசிப்பிக்கு ஸ்பெல்லிங் சொல்லுன்னு பள்ளிக்கூடத்துல உயிரை வாங்குவாங்களே, அந்த ஆத்தங்கரையில நாட்செஸ்னு ஒரு குட்டி ஊர். மக்கள்தொகை 15,000 கூட கிடையாது. பிரெஞ்சுக்காரங்க 1716ல இங்க கோட்டை கட்டினாங்க. அதுக்கு முன்னாடியே இருந்த நாட்செஸ் பழங்குடிகள் 1729ல திருப்பி அடிச்சாங்க. அப்புறம் பிரெஞ்சுக்காரங்க பழிவாங்கினதுல அந்த இனமே சிதறிப்போச்சு. பேரு மட்டும் ஊருக்கு மிச்சம்.

சரி, இந்த ஊரை எதுக்குப் பார்க்கணும்? எல்லாரும் சொல்ற பதில், பழைய மாளிகைகள். ஆத்துக்கு மேல உயரமான மேட்டுல ஊர். எதிர்க்கரை லூசியானா, தாழ்வான வண்டல் மண். பருத்தி அங்கே கொழிச்சது, ஆனா வெள்ளமும் காய்ச்சலும் அங்கேதான். அதனால பண்ணையார்கள் காட்டை அந்தப் பக்கம் வச்சுக்கிட்டு, வீட்டை இந்தப் பக்கம் மேட்டுல கட்டிக்கிட்டாங்க. (நம்ம மிராசுதாருங்க மாதிரியேதான்!) உள்நாட்டுப் போர்ல பக்கத்து விக்ஸ்பர்க் 47 நாள் முற்றுகையில நொறுங்கிச்சு. நாட்செஸ் 1862லேயே சண்டை போடாம சரணடைஞ்சதால வீடுகள் தப்பிச்சது. 1932ல உள்ளூர் தோட்டக் கழகப் பெண்கள் பெரிய குடைப் பாவாடை கட்டிக்கிட்டு அந்த வீடுகளைச் சுத்திக் காட்ட ஆரம்பிச்சாங்க. அதுக்கு அவங்க வச்ச பேரு 'யாத்திரை'.

அதுல லாங்வுட்னு ஒரு வீடு, அவசியம் பார்க்கணும். எட்டு மூலை, உச்சியில வெங்காயம் மாதிரி கோபுரம். ஹாலர் நட்ங்கிற பண்ணையார் 1860ல ஆரம்பிச்சார். திட்டம் 32 அறை. 1861ல போர் வந்ததும் வடக்கேயிருந்து வந்த தச்சர்களும் கொத்தனார்களும் கருவிகளை அப்படியே போட்டுட்டு ஊருக்குக் கிளம்பிட்டாங்க. கீழ்த்தளத்துல 9 அறைதான் முடிஞ்சது. 1864ல நட் செத்துப்போனார், குடும்பம் அந்த 9 அறையிலேயே காலம் தள்ளிச்சு. மேல் மாடியில இன்னிக்கும் வெறும் செங்கலும் மரச்சட்டமும்தான்.

அழகுதான், இல்லேங்கல. ஆனா இதுக்கெல்லாம் காசு எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரியணும்னா, டவுனுக்குக் கிழக்கே ஒரு மைல் போகணும். அங்கே ஒரு முச்சந்தி இருக்கு, பேரு 'ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட்'. நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு அடுத்தபடியா அந்தப் பகுதியிலேயே பெரிய அடிமைச் சந்தை இதுதான். 1808ல வெளிநாட்டிலேருந்து அடிமைகளை இறக்குமதி பண்றதைத் தடை செஞ்சாங்க இல்லையா, அதுக்கப்புறம் வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கம் புகையிலை படுத்துப்போன ஊர்கள்லேருந்து ஆட்களைச் சங்கிலியில கோத்து, மாசக்கணக்கா நடக்க வச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. சிலரைக் கப்பல்ல. 1833ல காலரா பயத்துல வியாபாரிகளை ஊர் எல்லைக்கு வெளியே போகச் சொல்லிட்டாங்க. கவனிங்க, பிரச்சனை காலராதான், வியாபாரம் இல்லை. எல்லையைத் தாண்டினதும் இந்த முச்சந்தியில கடையைப் போட்டுட்டாங்க. இங்கே ஏலம் கிடையாது. வரிசையா நிக்க வச்சு, மாட்டுச் சந்தை மாதிரி பல்லைப் பிடிச்சுப் பார்த்து நேரடி பேரம். 1863ல யூனியன் படை ஊரைப் பிடிச்சதும் கொட்டடிகளை இடிச்சு, அந்த மரத்துல படைவீடு கட்டினாங்க. இடிச்ச படையில கறுப்பின வீரர்களும் இருந்தாங்க. அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

மாளிகைக்கு யாத்திரை 1932லேயே வந்தாச்சு. இந்த முச்சந்தி நாட்செஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவோட சேர்ந்தது 2021ல. போனா பார்க்கிறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லை. புல்வெளி, சில தகவல் பலகைகள், காங்கிரீட்டுல பதிச்ச விலங்குச் சங்கிலிகள். என்னைக் கேட்டா முதல்ல இங்கே வந்துட்டு, அப்புறம் லாங்வுட் போங்கன்னுதான் சொல்வேன். மாத்திப் போனா வீடு வெறும் வீடாத்தான் தெரியும்.

இன்னொருத்தரைப் பத்திச் சொல்லாம முடிக்க மனசு வரல. வில்லியம் ஜான்சன், முடிதிருத்துபவர். அடிமையாப் பிறந்து 1820ல, 11 வயசுல விடுதலை. கடைகள் வச்சு, வெள்ளைக்காரங்களுக்கே கடன் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தார். 1835லேருந்து 1851 வரைக்கும் டைரி எழுதினார்: குதிரைப் பந்தயம், தெருச்சண்டை, யார் எவ்வளவு பாக்கி, எல்லாம். இதுல இடிக்கிற விஷயம், அவரே அடிமைகளை வச்சிருந்தார். நல்லவர் கெட்டவர்னு ஈஸியாப் பிரிக்க முடியாத ஆளு.

1851ல நிலத்தகராறுல பெய்லர் வின்னுங்கிறவர் ஜான்சனைச் சுட்டார். சாட்சிகள் கறுப்பர்கள். அன்னைய சட்டப்படி வெள்ளையருக்கு எதிரா அவங்க சாட்சி சொல்ல முடியாது. வின்னும் கலப்பினத்தவர்னுதான் ஊருக்குள்ள பேச்சு, ஆனா கோர்ட்டுல "நான் கறுப்பன் இல்லை"ன்னு வாதாடினார். இல்லைன்னு நிரூபிக்க முடியல. வெளியே வந்துட்டார்.

டைரி 1951ல புத்தகமா வந்துச்சு. ஸ்டேட் ஸ்ட்ரீட்ல ஜான்சன் கட்டின செங்கல் வீடு இப்போ மியூசியம்.