புளி போட்டுத் தேய்த்த காசு

போன ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே மும்பையில் ஒரு அருங்காட்சியகம் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னதாய் ஒரு வெள்ளிக்காசு. "ஒரே கிறுக்கலா இருக்கேப்பா" என்றாள். அவள் மேல் தப்பில்லை. அது இரண்டு ராஜாக்கள் அடித்த காசு.

1906-ல் நாசிக் பக்கம் ஜோகல்தெம்பியில் ஒரு புதையல் கிடைத்தது. 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள். க்ஷத்ரப அரசன் நகபானன் வெளியிட்டவை. அவனை வென்ற சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணி அவற்றை உருக்கவில்லை. 9,000-க்கும் மேற்பட்ட காசுகளின் மேலேயே தன் முத்திரையைக் குத்திவிட்டான். தோற்றவன் முகம் அடியில், ஜெயித்தவன் சின்னம் மேலே!

இந்த மாதிரிக் காசை ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் பளபளப்புதான் மிஞ்சும். இங்கேதான் ஆர்.டி.ஐ. கைகொடுக்கிறது. (தகவல் அறியும் உரிமை இல்லைங்க, ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங்!) 2001-ல் ஹெச்.பி. ஆய்வுக்கூடத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழு வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. கேமரா அசையாது, காசும் அசையாது. விளக்கு மட்டும் இடம் மாறும். இடத்துக்கு ஒன்றாக ஐம்பது அறுபது படங்கள். பக்கத்தில் பளபளப்பான ஒரு கறுப்புக் குண்டு. அதில் தெரியும் ஒளிப்புள்ளியை வைத்து விளக்கு இருந்த திசையை மென்பொருள் கண்டுபிடிக்கும். காசின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கிடைத்துவிடும். அப்புறம் திரையில் மவுஸை நகர்த்தினால் வெளிச்சம் நகரும். நிறத்தை நீக்கிவிட்டு மேடு பள்ளத்தை மட்டும் பார்க்கலாம். காசை மறுபடி தொடவே வேண்டாம்.

ஆனால் மேடு பள்ளம் மிச்சம் இருக்க வேண்டுமே!

எனக்குச் சொந்த ஊர் கரூர். அமராவதி ஆற்று மணலில் பழங்காசுகள் கிடைக்கிற ஊர். எங்கள் அப்பாருவிடமும் (அப்பாவின் அப்பா) பாசி பிடித்த ஒரு செப்புக்காசு இருந்தது. எட்டாவது படிக்கும்போது அவரைச் சந்தோஷப்படுத்த, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தகதகவென்று ஆகிவிட்டது. வாங்கிப் பார்த்தவர் திட்டவில்லை. "எழுத்து இருந்துச்சே கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் காசு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அருங்காட்சியகம் போய்வந்த ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, மகள் டார்ச்சைத் தாழ்த்திச் சுற்றிச்சுற்றிப் பிடிக்க, செல்போனில் படம் எடுத்தேன். ஒரு கீற்றுகூட இல்லை. எந்த ஆர்.டி.ஐ. வந்தாலும் வழித்தெடுத்த எழுத்தைத் திருப்பித் தராது.

லீவுக்கு ஊருக்குப் போகிறீர்களா? வீட்டில் பழங்காசு இருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள்.