புரூயிட்-ஐகோ குடியிருப்பு: சமூகவியல் ஆய்வும் கட்டட வடிவமைப்பும்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களின் நடுப்பகுதியில் எழுந்த புரூயிட்-ஐகோ அரசுக் குடியிருப்பு, கட்டடக்கலை வரலாற்றில் தன் வீழ்ச்சியாலேயே அறியப்படுகிறது. மினோரு யமசாகி வடிவமைத்த அக்குடியிருப்பில் 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்களும் 2,870 வீடுகளும் இருந்தன. மின்தூக்கி மூன்று மாடிக்கு ஒருமுறையே நின்றது. அது நிற்கும் மாடிகளில் அமைந்த நீண்ட நடைக்கூடங்களில் குழந்தைகள் விளையாடுவர், அண்டை வீட்டார் கூடிப் பேசுவர் என எண்ணப்பட்டது. அது எதிர்பார்ப்பேயன்றிக் கண்டறிந்த வாழ்க்கைமுறை அன்று.

1960களில் லீ ரெயின்வாட்டர் தலைமையிலான குழு அங்குப் பல ஆண்டுகள் கள ஆய்வு நிகழ்த்தியது. அக்குழுவைச் சேர்ந்த வில்லியம் யான்சியின் 1971ஆம் ஆண்டுக் கட்டுரை வடிவமைப்பாளர்க்கு நேரடியாகப் பயன்படுவது. வீட்டின் உட்புறம் குறித்துப் பெரும்பாலோர் நிறைவே தெரிவித்தனர். அச்சம் கதவுக்கு வெளியே தொடங்கியது. நடைக்கூடமும் படிக்கட்டும் அனைவர்க்கும் பொதுவாயிருந்தமையால் எவர் பொறுப்பிலும் இல்லை. பழைய குடிசைப் பகுதிகளில் வாசலும் சந்தும் அயலாரைப் பிணைத்திருந்தன. புதிய கட்டடத்தில் அதற்கு இடமில்லை. கீழே விளையாடும் குழந்தை மேல்மாடித் தாயின் கண்காணிப்புக்கு எட்டவில்லை.

இதையொத்த கருத்தை ஆஸ்கர் நியூமன் 1972இல் வடிவமைப்பு நெறியாகவே வகுத்தார். தெருவுக்கு எதிர்ப்புறமிருந்த தாழ்வான கார் ஸ்கொயர் குடியிருப்பு நல்ல நிலையில் இருந்ததை அவர் சான்றாகக் காட்டினார். ஒரு நுழைவாயிலைச் சில குடும்பங்களே பகிர வேண்டும், சன்னல்கள் பொதுவழியை நோக்க வேண்டும் என்பன அவர்தம் பரிந்துரைகள். அவை பயனுடையவை; ஐயமில்லை. ஆயினும் ரெயின்வாட்டர் முதன்மைப்படுத்திய வறுமையும் இனப் பாகுபாடும் இந்நெறியில் பின்தள்ளப்பட்டன. கள ஆய்வின் ஒரு பகுதியை மட்டும் வரைபட மேசைக்குக் கொண்டுசென்றதன் விளைவு எனலாம் இது.

விடுபட்டதைக் காத்தரின் பிரிஸ்டல் 1991இல் மீட்டெடுத்தார். தாழ்வான கட்டடங்களும் யமசாகியின் தொடக்கத் திட்டத்தில் இருந்தன. செலவு வரம்பே அவற்றை நீக்கியது. பராமரிப்புச் செலவையோ ஏழைகளின் வாடகையே தாங்க வேண்டியிருந்தது. வீடுகள் காலியாகக் காலியாக வருவாய் குறைந்தது, பழுதுகள் பெருகின. 1969இல் குடியிருந்தோர் ஒன்பது மாதம் வாடகை செலுத்த மறுத்துப் போராடினர். அவர்கள் முதன்மையாக எதிர்த்தது நடைக்கூடத்தின் அமைப்பை அன்று, தாங்கவியலாத வாடகையை. 1972இல் கட்டடங்கள் தகர்க்கப்படத் தொடங்கின.