சமூகவியல்

சமூகவியல் என்பது மனிதர் கூடி வாழும் முறையை ஆராயும் துறை. குடும்பம், திருமணம், சாதி, வர்க்கம், சமயம், கல்வி, தொழில், அரசு ஆகியவை எப்படி அமைந்துள்ளன, எதனால் நிலைக்கின்றன, எப்போது மாறுகின்றன என்பவை இதன் கேள்விகள். பிறந்தது முதல் குடும்பத்திலும் ஐந்து வயது முதல் பள்ளியிலும் வாழ்பவருக்கு இவற்றைப் பற்றி ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கும். அந்தக் கருத்தைச் சான்றோடு உரசிப் பார்ப்பது சமூகவியலாளரின் வேலை. வேதியியல் படிக்க வரும் மாணவர் சோடியத்தைப் பற்றி முன்முடிவு எதுவும் கொண்டுவருவதில்லை. சமூகவியல் வகுப்புக்கு வருபவர் நிறையவே கொண்டுவருகிறார். அதனால்தான் இத்துறையில் ஆய்வு முறைக்கு இத்தனை முதன்மை.

தோற்றம்

பிரெஞ்சுப் புரட்சியும் தொழிற்புரட்சியும் ஐரோப்பியரின் பழைய வாழ்க்கை ஒழுங்கைக் குலைத்தபோது, சமூகம் எதனால் கட்டுண்டு நிற்கிறது என்ற கேள்வி எழுந்தது. இதை ஆராயும் துறைக்கு ஆகஸ்ட் காம்ட் 1830களின் இறுதியில் பெயர் சூட்டினார். அவர் நூலை 1853இல் ஆங்கிலத்தில் சுருக்கித் தந்த ஹாரியட் மார்ட்டினோ, அதற்கு முன்பே, 1838இல், ஒரு சமூகத்தின் ஒழுக்கங்களையும் பழக்கங்களையும் உற்றுநோக்குவது எப்படி என்று தனி நூல் எழுதியிருந்தார். உற்பத்தி உறவுகளையும் வர்க்க முரணையும் கார்ல் மார்க்ஸ் முன்வைத்தார். மனிதர் தம் செயலுக்குத் தாமே தரும் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார் மாக்ஸ் வெபர். எமில் துர்க்கைம் 1895இல் ஆய்வு நெறிகளை வகுத்தார். 1897இல் தற்கொலை என்னும் மிகத் தனிப்பட்ட செயலின் விகிதம்கூடச் சமூகக் குழுவுக்குக் குழு ஒழுங்காக வேறுபடுவதைப் புள்ளிவிவரங்களால் காட்டினார். டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஏழாம் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று கறுப்பினத்தவர் வாழ்க்கையை ஆராய்ந்தார்; அந்நூல் 1899இல் வந்தது.

இந்தியாவில் பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1919இல் பேட்ரிக் கெடஸ் தலைமையில் இத்துறையைத் தொடங்கியது. 1924இல் பொறுப்பேற்ற ஜி. எஸ். குர்யே அதை வளர்த்தார். இந்தியச் சமூகவியல் கழகம் 1951இல் அமைந்தது.

சமூகவியல் பார்வை

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் 'சமூகவியல் கற்பனை' என்ற கருத்தை விளக்கினார். ஒருவரின் சொந்தத் துன்பத்துக்கும் பொதுப் பிரச்சினைக்கும் உள்ள தொடர்பைக் காணும் திறன் அது. ஒரு தெருவில் ஒரு மாணவி பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டால் அவள் வீட்டுச் சூழலை விசாரிக்கலாம். அதே தெருவில் பல வீடுகளில் பெண்பிள்ளைகள் மட்டும் பத்தாம் வகுப்போடு நின்றால் விசாரணை வேறு இடத்துக்குப் போக வேண்டும்: மேல்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம், பேருந்து எத்தனை மணிக்கு, தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்வது, எத்தனை வயதில் மணம் பேசுகிறார்கள்?

ஆய்வு முறைகள்

ஆய்வு ஒரு கேள்வியில் தொடங்குகிறது. கேள்வியின் சொல்லமைப்பிலேயே ஆய்வு பிழைபட்டுவிடலாம். 'உங்கள் அம்மா வேலைக்குப் போகிறாரா?' என்று கேட்டால், 'இல்லை, வீட்டில்தான் இருக்கிறார்' என்ற பதில் பல வீடுகளில் வரும். அந்த அம்மா விடியற்காலையில் மாட்டைக் கறந்து பால் ஊற்றிவிட்டு, பகலில் பீடி சுற்றுபவராக இருப்பார். 'நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவர் என்னென்ன செய்தார்?' என்று கேட்டால் கதை மாறும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இந்த வழியில்தான் கேட்டது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டதாக அதில் தெரிந்தது.

அடுத்தது, யாரைக் கேட்பது என்பது. எல்லாரையும் கேட்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சிலரைத் தேர்ந்து கேட்பது மாதிரி ஆய்வு. 600 பேர் படிக்கும் பள்ளியில் வாசிப்புப் பழக்கத்தை அறிய நூலக வாசலில் நின்று 60 பேரைக் கேட்டால், வாசிப்பவர்களே அகப்படுவார்கள். வருகைப் பதிவேட்டில் குலுக்கல் முறையில் ஓர் எண்ணில் தொடங்கி, பத்துப் பெயருக்கு ஒன்றாக எடுத்தால் அந்தச் சாய்வு குறையும். கிடைத்த எண்களைப் படிப்பதிலும் கவனம் தேவை. டியூஷன் போகும் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றால் டியூஷன்தான் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. டியூஷனுக்கும் மதிப்பெண்ணுக்கும் பின்னால் குடும்ப வருமானம் என்ற மூன்றாவது காரணி இருக்கக்கூடும். இரண்டு சேர்ந்து காணப்படுவது ஒட்டுறவு. ஒன்று மற்றொன்றை விளைவித்ததாகக் காட்ட வேறு சான்று வேண்டும்.

எண்ணால் பிடிக்க முடியாதவற்றுக்குக் களப்பணி. ஆய்வாளர் மாதக்கணக்கில் மக்களோடு தங்கி, பேசி, பார்த்துக் குறிப்பெடுப்பது பங்கேற்று உற்றுநோக்கல் எனப்படும். எம். என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதியில் ராம்புரா என்ற ஊரில் இவ்வாறு தங்கினார். ஆண்டுக்கணக்கில் அவர் தொகுத்து வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நேர்ந்த தீவைப்பில் எரிந்துபோயின. பெரும்பாலும் நினைவை நம்பி அவர் எழுதிய நூல் 1976இல் வெளிவந்தது.

ஆய்வாளர் எங்கே தங்குகிறார் என்பதும் அவர் எதைப் பார்ப்பார் என்பதைத் தீர்மானிக்கும். ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றை ஆராய்ந்தபோது அக்கிரகாரத்தில் தங்கினார். அதனால் ஊரார் அவரை அக்கிரகாரத்து மனிதராகவே பார்த்தார்கள். சேரிக்குள் இயல்பாகப் போய்வருவது கடினமாயிற்று. இதை அவரே எழுதியிருக்கிறார். சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் முன்பு ஒரே கையில் குவிந்திருந்து பின்னர் பிரியத் தொடங்கியதை 1965இல் வந்த அவர் நூல் விளக்குகிறது. அதில் 'ஸ்ரீபுரம்' என்றிருப்பது அவர் வைத்த புனைபெயர். ஊரையும் ஆளையும் அடையாளம் காட்டாமை, ஒப்புதல் பெற்றே கேட்பது, பதில் சொல்ல மறுக்கும் உரிமையை மதிப்பது ஆகியவை ஆய்வறத்தின் அடிப்படைகள்.

ஒரே இடத்துக்கு மீண்டும் செல்வது மாற்றத்தை அளக்க உதவும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 முதல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் திரட்டச் செய்தார். 1918இல் அவை நூலாயின. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, திருநெல்வேலியின் கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அதில் உள்ளன. 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறு ஆய்வு செய்தார்கள். பின்னரும் இவ்வூர்களுக்கு ஆய்வாளர்கள் வந்துகொண்டே இருந்தனர். நிலம், கூலி, கடன் ஆகியவற்றின் நூறாண்டு வரலாற்றை ஊரளவில் அறிய இவை அரிய சான்றுகள்.

குடும்பம்

குடும்பத்தில் எத்தனை பேர் என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். கீழ்த்தளத்தில் பெற்றோரும் இளைய மகனும், மாடியில் மூத்த மகனும் மருமகளும் பேரனும் இருக்கிறார்கள். மாடியில் தனி கேஸ் இணைப்பு. அப்பத்தா ஒரு மாதம் மேலே, ஒரு மாதம் கீழே என்று முறைவைத்துச் சாப்பிடுகிறார். பொங்கலுக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே பானை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் உண்பவர்களை ஒரு குடித்தனமாகக் கொள்கிறது; அதன்படி இங்கே இருப்பவை இரண்டு. ரேஷன் கார்டு ஒன்றாகவே இருக்கலாம். கல்யாணப் பத்திரிகையில் நிச்சயம் ஒரே குடும்பம்தான்.

உலை வேறானாலும் உறவும் சொத்தும் சடங்கும் சேர்ந்தே இருக்கலாம். குடித்தனம் வேறு, குடும்பம் வேறு என்று ஏ. எம். ஷா 1973இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தியது இதனால்தான். ஐ. பி. தேசாய் குஜராத்தின் மகுவா நகரில் செய்த ஆய்வும், தனித்தனியாக வசிப்போரிடையே கூட்டுக் குடும்பக் கடமைகள் தொடர்வதைக் காட்டியது. 'கூட்டுக் குடும்பம் அழிந்துவிட்டது' என்ற பேச்சை ஏற்கும் முன், எதை எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும்.

உறவுச் சொற்களிலும் சமூக அமைப்பு பதிந்திருக்கிறது. தமிழில் அப்பாவின் உடன்பிறந்த ஆண்கள் பெரியப்பா, சித்தப்பா. அம்மாவின் உடன்பிறந்த பெண்கள் பெரியம்மா, சித்தி. இவர்கள் பிள்ளைகள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்றே அழைக்கப்படுவர். மண உறவு கூடாது. அப்பாவின் சகோதரி அத்தை, அம்மாவின் சகோதரன் மாமா. இவர்கள் பிள்ளைகள் முறைப்பெண், முறைமாப்பிள்ளை. மாமியாரை 'அத்தை' என்றும் மாமனாரை 'மாமா' என்றும் அழைக்கும் வழக்கத்தில் அந்த மணமுறை ஒலிக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் தமிழ் உறவுமுறைக்கும் அமெரிக்கப் பழங்குடியினரான செனகா இரக்குவாயின் உறவுமுறைக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்தார். லூயி துமோன் 1953இல் திராவிட உறவுச் சொற்களை மண உறவின் வெளிப்பாடாக விளக்கினார். ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 28 சதவீதப் பெண்கள் இரத்த உறவில் மணம் செய்தவர்கள். இந்திய அளவில் இது 11 சதவீதம்.

குடும்பம் எங்கும் தந்தைவழியில் செல்வதில்லை. மேகாலயாவின் காசி மக்களிடையே குடும்பச் சொத்து கடைசி மகளுக்குச் சேரும். இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் 'குடி' என்னும் குலப்பிரிவு தாய்வழியில் தொடர்கிறது. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வது வழக்கம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே இருந்த, சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குச் சேரும் மருமக்கள்வழி முறையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நூலெழுதிக் கேலி செய்தார். 1920களில் திருவிதாங்கூர்ச் சட்டம் அதை மாற்றியது. தமிழ்நாடு 1989இல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் அவ்வாறு சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் தந்த பங்கை எத்தனை மகள்கள் கேட்டு வாங்குகிறார்கள் என்பது சட்டப் புத்தகத்தில் கிடைக்காத விடை. அதற்குக் களத்துக்குத்தான் போக வேண்டும்.

கல்வி

குழந்தை தன் சமூகத்தின் மொழி, பழக்கம், நெறி ஆகியவற்றைக் கற்றுக்கொள்வது சமூகமயமாதல். அது வீட்டில் தொடங்கிப் பள்ளியில் தொடர்கிறது. பாடநூலில் இல்லாத பாடங்களும் பள்ளியில் உண்டு: மணி அடித்தால் வரிசையில் நிற்பது, கையைத் தூக்கிவிட்டுப் பேசுவது, முதல் பெஞ்சுக்கும் கடைசி பெஞ்சுக்கும் உள்ள மதிப்பு, வகுப்பறையைப் பெருக்க யாரை அழைக்கிறார்கள் என்பது. இதை மறைமுகப் பாடத்திட்டம் என்பர். துர்க்கைம் பள்ளியைச் சமூக ஒற்றுமை வளர்க்கும் இடமாகக் கண்டார். பிரான்சில் பியேர் பூர்தியூவும் ழான்-குளோத் பாசரோனும் 1964, 1970 ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் மாறாகச் சொன்னார்கள்: படித்த வீட்டுப் பிள்ளைகள் பேச்சு, ரசனை, புத்தகப் பழக்கம் என்ற பண்பாட்டு மூலதனத்தோடு வருகிறார்கள், பள்ளி அதைத் திறமை என்று எண்ணி மதிப்பெண் தருகிறது. அமெரிக்காவில் சுமார் 4,000 பள்ளிகளை ஆராய்ந்த ஜேம்ஸ் கோல்மனின் 1966ஆம் ஆண்டு அறிக்கையும், பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையது என்றது.

குடும்பம் தருவதைப் பள்ளி உறுதிப்படுத்த வேண்டுமா, கடந்துபோக உதவ வேண்டுமா என்ற கேள்வி தமிழக அரசியலில் வெளிப்படையாகவே மோதியது. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தை அரை நாளாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. குறைந்த செலவில் கூடுதல் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது ஆதரித்தவர்களின் வாதம். வண்ணார் பிள்ளையை வண்ணாராகவே ஆக்கும் 'குலக்கல்வி' என்றனர் எதிர்த்தவர்கள். 1954இல் முதலமைச்சரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அவர் ஆட்சியில் 1956இல் பள்ளி மதிய உணவு மாநில அளவில் வந்தது; 1982இல் எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பசியைத் தீர்ப்பதோடு, பல சாதிப் பிள்ளைகள் அருகருகே அமர்ந்து ஒரே சமையலை உண்ண வைப்பதும் இத்திட்டத்தின் சமூகப் பயன். சமைப்பவரின் சாதியைச் சொல்லிச் சில ஊர்களில் எழும் தகராறுகளே அந்தப் பந்தி எவ்வளவு முக்கியமானது என்று காட்டுகின்றன.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். ஆண்களுக்கு 87, பெண்களுக்கு 73. 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி தரும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. பள்ளிக்கு வந்துசேர்வதில் இருந்த ஏற்றத்தாழ்வு குறையக் குறைய, எந்தப் பள்ளி, எந்த மொழிவழி, எந்தப் படிப்பு என்பதில் அது புதிதாகத் தோன்றுகிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்த 2020ஆம் ஆண்டுச் சட்டம், இந்த இடைவெளியை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம்.

பள்ளி மாணவரின் ஆய்வு

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பாடத்திட்டத்தில் சமூகவியல் 11, 12ஆம் வகுப்புகளுக்குரிய பாடம். செய்முறைப் பணியாகச் சிறு ஆய்வும் உண்டு. அதற்கு வெளியூர் செல்லத் தேவையில்லை. தன் தெருவில் பத்து வீடுகளை எடுத்துக்கொண்டு, மூன்று தலைமுறையில் யார் எதுவரை படித்தார்கள், யார் ஏன் நின்றார்கள் என்று கேட்டு ஓர் அட்டவணை போடலாம். முதல் வீடாகத் தன் வீட்டையே வைத்துக்கொள்வது நல்லது. பாட்டி எந்த வகுப்பில் நின்றார், ஏன் நின்றார் என்பது தெரிந்திருக்கிறது என்று நினைத்திருக்கும் மாணவர் பலர், கேட்கும்போதுதான் தாம் அதை ஒருநாளும் கேட்டதில்லை என்று உணர்கிறார்கள்.