கணப்பின் முகப்பு

ஒரு மக்கள் குளிரை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அவர்கள் மொழியில் நெருப்புக்கு இடமளித்த சொற்களைக் கொண்டு ஒருவாறு அறியலாம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், வாடைக் காலத்து மக்கள் ‘தடவு’ என்னும் நெருப்புச் சட்டியைச் சூழ்ந்து குளிர்காய்ந்த செய்தி வருகிறது. குமுட்டி, கணப்பு என்னும் சொற்களும் நம்மிடம் உண்டு. தமிழகத்தின் தட்பவெப்பத்திற்கு அவ்வளவே போதுமானதாயிருந்தது. சுவருக்குள் நெருப்பை அமைத்து, அதன்மேல் புகைபோக்கி எழுப்பி, முன்னால் அலங்கார முகப்பும் நிறுத்தும் வழக்கம் குளிர் நாடுகளுக்கு உரியது. ஆயினும், தில்லியிலும் சிம்லாவிலும் பழைய அரசாங்க இல்லங்களில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அம்முகப்பு நன்கு பழகிய பொருளேயாகும். மேற்பலகையில் சுவாமி படமும் கடிகாரமும் இருக்கும். கீழே துவாரம் அடைபட்டிருக்கும். அது ஏன் வந்தது, எவ்வாறு வந்தது என்று காண்போம்.

இடைக்கால இங்கிலாந்தில் பெரிய கூடத்தின் நடுவே நெருப்பு எரிந்தது. புகை கூரை வழியே தானாக வெளியேறியது. நார்மானியர் கோட்டைகளில் நெருப்பு சுவரை நோக்கி நகர்ந்தது. சாதாரண மக்களின் வீடுகளில் புகைபோக்கி பெருகியது 16-ஆம் நூற்றாண்டில்தான். வில்லியம் ஹாரிசன் 1577-இல் வெளிவந்த தமது நூலில், ஊர்ப் பெரியவர்கள் வியந்து பேசும் புதுமைகளுள் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தைக் குறித்திருக்கிறார். நெருப்புக்கு மேலே புகையைத் தடுத்து உள்ளிழுக்கும் கவிகையே முதலில் ‘மாண்டல்’ எனப்பட்டது. மேலங்கியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மொழிபெயர்ப்பாளனுக்கு இத்துறையில் வேறொரு வியப்பும் உண்டு. நாம் இன்று ‘குவியம்’ என்று பெயர்க்கும் ‘ஃபோக்கஸ்’ என்ற சொல்லுக்கு லத்தீனில் அடுப்பு என்பதே பொருள். கெப்ளர் 1604-இல் அதனைக் கணிதத்திற்கு எடுத்துக்கொண்டார். வீட்டார் அனைவரும் கூடும் இடம், கதிர்கள் கூடும் புள்ளியாயிற்று.

வீட்டின் நடுநாயகமான பொருளை அரசாங்கம் கவனியாது விடுமோ? 1662-இல் இங்கிலாந்தில் கணப்பு வரி விதிக்கப்பட்டது. கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். பரம ஏழைகளுக்கு விலக்கு இருந்தது. எனினும், எண்ணிக்கை பார்க்க வரும் அதிகாரி வீட்டின் உள்ளறை வரை நுழைவதை மக்கள் வெறுத்தனர். 1689-இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது.

18-ஆம் நூற்றாண்டில் முகப்பு ஒரு கலையாயிற்று. ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துச் சிற்பி, பழைய ரோமானியக் கட்டடங்களைக் கண்டு கற்ற வடிவங்களை முகப்புகளில் அமைத்தார். செல்வர் சலவைக்கல்லில் செய்துகொண்டனர். மற்றவர் மரத்தில் செய்து வண்ணம் பூசினர். சுண்ணக்கட்டித் தூள், வஜ்ஜிரம், குங்கிலியம், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, மர அச்சில் அழுத்தி எடுத்த பூவேலைகளை மரத்தின்மேல் ஒட்டுவார்கள். வண்ணம் ஏறியபின் அது செதுக்கிய வேலை அன்று என்று சொல்வது அரிது. பறவை இறகைச் சாயத்தில் தோய்த்து நரம்பு வரைந்து, மரத்தையே சலவைக்கல்லாகத் தோன்றச் செய்யும் கைவினைஞரும் இருந்தனர்.

ஆனால் முகப்பின் அழகைக் கூறி, அதன் பின்னால் இருந்த துன்பத்தைக் கூறாது விடுதல் நேர்மையன்று. நிலக்கரி பரவியதும் புகைக்குழாய்கள் குறுகின, கரி படிந்தது. அதனைச் சுரண்டச் சிறு பிள்ளைகளைக் குழாய்க்குள் ஏற்றினார்கள். எட்டு வயதிற்குட்பட்டோரை இவ்வேலையில் அமர்த்தலாகாது என 1788-இல் ஒரு சட்டம் வந்தது. இருபத்தொரு வயதிற்குட்பட்ட எவரும் குழாயில் ஏறலாகாது என 1840-இல் மற்றொன்று வந்தது. இரண்டையும் மதிப்பார் இல்லை. 1875-இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் ஒரு மருத்துவமனையின் புகைக்குழாயில் சிக்கி இறந்தான். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் அவ்வாண்டே உரிமம் பெற்றோர்தாம் இத்தொழில் செய்யலாம் என்ற சட்டம் வந்து, அக்கொடுமை நீங்கிற்று.

ரம்ஃபோர்டு பிரபு 1796-இல் கணப்பைச் சீர்திருத்தினார். அகன்ற தொண்டை வெப்பத்தை எல்லாம் வாரிக்கொண்டு போவதைக் கண்டு அதனை 4 அங்குலமாகக் குறுக்கினார். பக்கச் சுவர்களைச் சாய்த்து வெப்பத்தை அறைக்குள் திருப்பினார். வீட்டில் புகை குறைந்தது, ஊரில் குறையவில்லை. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் கவிந்த புகைமூட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று அப்போதே கணக்கிடப்பட்டது. பின்னாளைய ஆய்வுகள் அதனினும் மிகுதியாகச் சொல்கின்றன. 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. நிலக்கரி நெருப்புகள் அவியத் தொடங்கின, முகப்புகள் எஞ்சின.

இந்தியாவிற்கு இவ்வமைப்பைக் கொணர்ந்தவர் ஆங்கிலேயர். சிம்லாவில் 1888-இல் முடிந்த வைசிராய் மாளிகையின் உட்கூடம் பர்மாத் தேக்கினால் இழைக்கப்பட்டது. அதனை வரைந்த ஹென்றி இர்வின், சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் தம் கைவண்ணத்தைக் காட்டியவர். திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன், குடியரசுத் தலைவராயிருந்து 1965-இல் அம்மாளிகையில் உயர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி வைத்தார். 1931-இல் திறப்புவிழாக் கண்ட புது தில்லியின் பங்களாக்களிலும் கணப்புகள் இடம்பெற்றன. ஆண்டில் சில வாரங்களே நீடிக்கும் குளிருக்காக எழுந்த அமைப்பு அது.

இன்று பழைய முகப்பைப் புதுப்பிக்கவோ, புதிதாக ஒன்று செய்து வண்ணம் தீட்டவோ விரும்புவோர்க்குத் தச்சுமுறை எளிது. இரண்டு கால்கள், அவற்றை இணைக்கும் மேற்பட்டி, அதன்மேல் ஒரு பலகை, இவையே உறுப்புகள். சுவரில் ஒரு மரச்சட்டத்தை ரசமட்டம் பார்த்து இறுக்கி, கூட்டிய முகப்பை அதன்மேல் மாட்டித் திருகாணி இடவேண்டும். மக்கு பூசி, உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு உலர்ந்தபின் வண்ணம் இருமுறை கொடுக்கலாம். உண்மையான நெருப்பு எரியுமாயின், துவாரத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது 6 அங்குலத்திற்கு மரம் வரலாகாது. அவ்விடத்தில் கல்லோ செங்கல்லோதான் இருத்தல் வேண்டும்.

இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. முகப்பு அழகாயிருக்கிறது என்பதனாலேயே அது கணப்பு ஆகிவிடாது. புகைபோக்கி அடைபட்ட துவாரத்தில் கரி அங்கீட்டியை வைத்து, குளிருக்கு அஞ்சிக் கதவு ஜன்னல்களைச் சாத்தி உறங்குவது உயிருக்கே உலையாகும். கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவிற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் இத்தகைய சாவுச் செய்திகள் வருகின்றன. நம் முன்னோர் தடவைச் சூழ்ந்து காய்ந்தபோது அவர்கள் வீட்டில் காற்று புகும் வழி இருந்தது. ஆங்கிலேயர் சுவருக்குள் நெருப்பு வைத்தபோது அதற்குப் புகைபோக்கி இருந்தது. இரண்டும் இல்லாத அறையில் நெருப்புக்கு இடமில்லை. அங்கே முகப்பு சுவாமி படத்தையும் கடிகாரத்தையும் தாங்கி நிற்கட்டும். குளிருக்குக் கம்பளி போதும்.