‘பாஸ் அவுட்’ ஆனவர் தேறினாரா?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் விசைத்தறித் தொழிலாளர் வீடுகளிலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகள் சிலர், தங்கள் வேலை விண்ணப்பங்களைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டு வருவதுண்டு. ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரு வினையைக் காண்கிறேன்: இன்ன கல்லூரியிலிருந்து இன்ன ஆண்டில் ‘பாஸ்டு அவுட்’.

இந்தியாவுக்கு வெளியே இதைப் படிப்பவர் பலருக்கு முதலில் தோன்றும் பொருள் ‘மயங்கி விழுந்தார்’ என்பதே. ஆயினும் நம்மவர் வழக்கைப் பிழையென்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. படைப் பயிற்சியை முடித்து வெளியேறுவதைப் பிரித்தானிய ஆங்கிலம் இதே வினையால்தான் குறிக்கிறது. சென்னை பரங்கிமலையிலுள்ள படை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் நிறைவு அணிவகுப்புக்கும் ‘பாஸிங் அவுட் பரேடு’ என்றே பெயர். படைக்குரிய அச்சொல்லை இந்திய ஆங்கிலம் எல்லாக் கல்லூரிகளுக்கும் உரியதாக்கிக்கொண்டது.

பகிர்ந்தளித்தல் என்ற மூன்றாவது பொருளும் உண்டு. வகுப்பில் தாள்களை விநியோகிப்பது அவ்வகை. அங்கே செயப்படுபொருள் வரும். ‘தெம்’ போன்ற பிரதிப்பெயராயின் நடுவில் நின்று ‘பாஸ் தெம் அவுட்’ என்றாகும். முந்தைய இரு பொருள்களில் செயப்படுபொருளே இல்லை. (‘அவுட்’ இருந்த இடத்தில் ‘அவே’ வந்தாலோ, ஆள் இறந்தே போவார்!)

பகுதிகளின் பொருளைக் கூட்டினால் முழுமையின் பொருள் கிட்டாது என்பதே இவ்வினைகளின் இயல்பு. எங்கள் ஊர்க் கோயிலில் சங்கரரும் நாராயணரும் ஓருருவாய் நிற்பதைச் சொன்னால் மாணவருக்கு இது சட்டென விளங்குகிறது. தமிழிலும் ‘கண்டுபிடி’, ‘கைவிடு’ என்பவை அத்தகையனவே.

தமிழின் ‘தேறு’ இங்கு ஒப்பிடத்தக்கது. தேர்விலும் தேறலாம், நோயிலிருந்தும் தேறலாம். ஆங்கிலத்தில் படிப்பை முடிப்பதும் நினைவிழப்பதும் ஒரே வினை. தமிழிலோ தேர்ச்சி பெறுவதும் நலம் பெறுவதும் ஒரே வினை.

என் கவலை மயக்கத்தைப் பற்றியதன்று. ‘தேறினேன்’ என்பதிலுள்ள தெளிவு ‘பாஸ் அவுட்’டில் இல்லை. இறுதியாண்டு முடிந்தும் இரண்டு தாள் அரியர் வைத்திருப்பவரும் தம்மை ‘2024 பாஸ் அவுட்’ என்றே சொல்லிக்கொள்கிறார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. கல்லூரியை விட்டு வெளியே வந்ததை அவ்வாறு சொல்கிறார். நிறுவனமோ பட்டம் பெற்றவர் என்று எடுத்துக்கொள்கிறது. நேர்காணலில் சான்றிதழ் கேட்கும்போது வாய்ப்பு நழுவுவதோடு, மறைத்தார் என்ற பழியும் சேர்கிறது.

ஆகவே பட்டம் பெற்றவரை ‘கிராஜுவேட்டட்’ என்று ஆண்டுடன் எழுதச் சொல்கிறேன். அரியர் உள்ளவரிடம், படிப்புக்காலம் முடிந்த ஆண்டையும் நிலுவைத் தாள்களின் எண்ணிக்கையையும் தனித்தனியே குறிப்பிடச் சொல்கிறேன்.