சகலாத்து வந்த துறை

காரைக்கால் ஜவுளி வரலாறு என்றால் பருத்தியில்தான் தொடங்குவார்கள். ஜவுளி வணிகர்களின் இந்த மலரில் கம்பளியிலிருந்து தொடங்குகிறேன். இங்கே கம்பளி உடுத்தியவர்கள் குறைவு. என்றாலும் நம் ஊர்த் துணி வணிகத்தின் போக்கில் அதற்குப் பெரிய பங்குண்டு.

நம் வயல்களில் ஆட்டுக்குக் குறைவில்லை. அறுவடை முடிந்தால் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிவந்து கிடை போடுவார்கள். நிலக்காரர் கொடுக்கும் கூலி புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும்தான். அந்த ஆடுகளின் மேல் இருப்பது வெறும் முடி, நூற்க உதவாது. நூற்கத்தக்க ரோமம் வேண்டுமானால் கோயம்புத்தூர்க் குரும்பை ஆட்டுக்கோ நீலகிரி ஆட்டுக்கோ போக வேண்டும்.

ஆகவே இங்கே உயர்ந்த கம்பளி கப்பலில்தான் வந்தது. பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் 1664இல் தொடங்கிய பிரெஞ்சுக் கும்பினி பருத்தித் துணி வாங்கத்தான் இந்தக் கரைக்கு வந்தது. பதிலுக்கு விற்கலாமென்று ஐரோப்பியர் கொண்டுவந்த சரக்குகளில் சகலாத்து என்னும் கம்பளித் துணியும் ஒன்று. இந்த வெயிலில் அதை வாங்கிக் கட்டுகிறவர் யார்? வெள்ளியைக் கொட்டித்தான் துணி எடுக்க வேண்டியிருந்தது.

சகலாத்து என்றால் லேசான துணி அல்ல. அகலமாக நெய்த கம்பளியை நனைத்து மிதித்து, இழை தெரியாதபடி சுருக்குவார்கள். பிறகு முட்செடிக் காயால் மேற்பரப்பைக் கிளறி, எழும்பும் ரோமத்தைக் கத்தரித்துச் சீராக்குவார்கள். சிவப்புக்கு மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சிச் சாயம். உடுப்பாக விலைபோகாத அது, இங்கே மரியாதையாக மாறியது. புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் சகலாத்து வெகுமதியாகத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவருக்கு எத்தனை கஜம் கிடைத்தது என்பதே அவருடைய அந்தஸ்தைச் சொல்லிவிடும்.

ஐரோப்பாவில் கதை வேறு. நம் அச்சுத்துணி பரவியதும் பட்டு, கம்பளித் தொழிலாளர் பிழைப்புக் கெட்டதென்று கூச்சல். பிரான்ஸ் 1686இல் அதைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700லும் 1721லும் சட்டம் போட்டது. அதற்கும் முன்பே, பிணத்தைக்கூடக் கம்பளியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம் இருந்தது! ஆளுநர் துய்மா காலத்தில், சந்தா சாகிப் உதவியோடு காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739இல். அப்போதும் பிரான்சின் தடை நீங்கவில்லை. 1759 வரை இருந்தது. அச்சுத்துணியைத் தன் நாட்டில் உடுத்தத் தடை போட்ட அரசே, துணி விளையும் கரையில் துறைமுகம் பிடித்தது.

பிறகு கைகொடுத்தது நீலச்சாயத் துணி, கினி. புதுச்சேரிப் பகுதியின் இந்தப் பருத்தித் துணி செனெகல் போய்ப் பிசினுக்குப் பண்டமாற்றானது. அந்தப் பிசினோ பிரான்சின் அச்சுத்துணிப் பட்டறைகளில் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது.

மீண்டும் கம்பளிக்கு வருவோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர் வீடுகளில் இன்றும் கம்பளிக் கோட்டு பெட்டியில் கிடக்கும். வியர்வையும் எண்ணெய்க் கறையும் போக அலசி, நன்றாக வெயில் காட்டி வைக்காவிட்டால் அந்துப்புழு அரித்துவிடும். வெறும் அந்துருண்டையை நம்பிப் பயனில்லை.

ஐப்பசி மழைக்குக் கடைகளில் தொங்கும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் பெரும்பாலும் அக்ரிலிக்தான். "வுல்லா?" என்று வாடிக்கையாளர் கேட்டால் ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக். விலையையும் அதற்குத் தக்கபடி சொல்லிவிடுங்கள்.